கருவறையும் எதிரொலியும்



எனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்த காலம்; ஆண்டு 1967. என் தந்தையாரின் தங்கை தலைப்பேற்றிற்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். நான் பள்ளியிலிருந்து திரும்பும்பொழுதெல்லாம் திண்ணையில் அமர்ந்து எனக்காகப் பொரிகடலை வைத்துக்கொண்டிருப்பார். எட்டாம் மாதம் முடியும் தறுவாயில், ஒரு நாள் விடியற்காலையில், வலி ஏதுமின்றித் திடீரென்று அவருக்குக் குருதி பெருகத் தொடங்கிற்று. ஊர் மருத்துவச்சி ஓடி வந்தாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். வண்டி பூட்டினார்கள். நகரத்து ஆஸ்பத்திரி பன்னிரண்டு கல் தொலைவு. வண்டி பாதி வழி செல்லுமுன்னரே அத்தையும் அவர் வயிற்றிலிருந்த குழந்தையும் இறந்துபோயினர்.

கண்ணேறு பட்டது என்றனர் சிலர். அந்தி நேரத்தில் புளியமரத்தடிக்குப் போனதுதான் காரணம் என்றனர் வேறு சிலர். என் பாட்டி மட்டும் எவரோடும் வாதாடவில்லை. “உள்ளே என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான்.

பிற்காலத்தில் நான் பௌதிக ஆசிரியன் ஆனேன். ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தும்பொழுதெல்லாம் பாட்டியின் அந்தக் கேள்வி என் நினைவுக்கு வரும். ஏனெனில், அக்கேள்விக்கு விடை கண்டது ஒலிதான். கத்தியால் கீறாமலும், ஊசியால் குத்தாமலும், கருப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதை எதிரொலியைக் கொண்டு அறியும் முறையைத்தான் நாம் இன்று ‘ஸ்கேன்’ என்று சுருக்கமாக வழங்குகிறோம். அம்முறையின் அடிப்படைகளை உங்களுக்கு எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

எங்கள் ஊருக்கு அருகில் ஒரு கருங்கற் குன்று உண்டு. அதற்கு எதிரே நின்று உரக்கக் கூவினால், நம் குரல் சற்றுப் பொறுத்து நமக்கே திரும்பி வரும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கூவியதற்குச் சரியாக ஒரு விநாடி கழித்து எதிரொலி கேட்டால், ஒலி போய் வந்த தூரம் 340 மீட்டர். குன்றோ அதில் பாதியாகிய 170 மீட்டரில் இருக்கிறது. ஆகவே, கண்ணை மூடிக்கொண்டும் குன்றின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஸ்கேன் கருவியின் இரகசியம் முழுவதும் இந்த எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. குன்று இருக்குமிடத்தில் குழந்தை இருக்கிறது. நம் குரலுக்குப் பதிலாக நம் காதுக்கு எட்டாத ஓர் ஒலி இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

காதுக்கு எட்டாத ஒலியும் உண்டோ என நீங்கள் வினவலாம். உண்டு. விநாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியையே மனிதச் செவி உணரும். அதற்கு மேற்பட்டதை மீயொலி என்கிறோம். வௌவால் இருளிலே பறப்பது இம்மீயொலியின் துணையால்தான். இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1790-களிலேயே, பார்வையிழந்த வௌவால்களும் தடையின்றிப் பறக்கின்றன என்று கண்டு வியந்தார். அதன் காரணமோ அவருக்கு விளங்கவில்லை. வௌவால் தானே ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழியறிகிறது என்பதை அமெரிக்காவில் கிரிஃபின், கலாம்போஸ் என்னும் இருவர் மெய்ப்பிப்பதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

மனிதன் மீயொலியைத் தன் ஏவலுக்குக் கொண்டுவந்தது எவ்வாறு? 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலே ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற உடன்பிறந்தார் இருவர், குவார்ட்சு போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டனர். அடுத்த ஆண்டிலேயே இதன் மறுதலையும் உண்மை எனத் தெளிவாயிற்று. அதாவது, அப்படிகத்திற்கு மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கி விரிகிறது. மின்சாரத்தை வேகமாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் படிகமும் அதே வேகத்தில் அதிர்ந்து ஒலி எழுப்பும். எதிரொலி திரும்பி வந்து தாக்கும்பொழுது அதே படிகம் மின்சாரத்தை எழுப்பும். ஒரே பொருள் வாயாகவும் செவியாகவும் பணி செய்கிறது! முதல் உலகப் போரின்போது இலாங்கெவான் என்னும் பிரெஞ்சு அறிஞர், குவார்ட்சுப் படிகத்தைக் கொண்டு நீருள் மீயொலியைச் செலுத்தி, மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். பின்னர், உலோகத்துள் மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கண்டறியவும் தொழிற்சாலைகள் இம்முறையைக் கையாண்டன.

இங்கேதான் நம் கதையின் தலைவர் நுழைகிறார். அவர் பெயர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் மருத்துவராகப் பணிபுரிந்து, அக்காலத்து எதிரொலிக் கருவிகளைப் பற்றி அறிந்திருந்தவர். 1954-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரப் பல்கலைக்கழகத்தில் பேறுகாலத் துறைப் பேராசிரியராக அமர்ந்தார். கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்று அந்நகரத்திற்கு அருகே ரென்ஃப்ரூ என்னும் ஊரில் இருந்தது. இரும்பின் பற்றவைப்புகளில் குறையுண்டா எனப் பார்க்க, அங்கே மீயொலிக் கருவி வைத்திருந்தனர். 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டொனால்ட், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகள் பலவற்றை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு அத்தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பு நோக்குவதற்காகத் தொழிற்சாலையார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டத்தையும் வாங்கி வைத்திருந்தனர். திண்மையான கட்டி ஒருவகை எதிரொலியையும், நீர் நிறைந்த கட்டி வேறொருவகை எதிரொலியையும் தந்தன. டொனால்டின் உள்ளம் துள்ளியது.

டாம் பிரவுன் என்னும் இளம் பொறியியலாளர் இச்செய்தியைக் கேள்வியுற்று டொனால்டுடன் சேர்ந்துகொண்டார். ஜான் மாக்விகார் என்னும் மருத்துவரும் துணை நின்றார். பிரவுன் அமைத்த கருவி, நோயாளியின் வயிற்றின்மீது நகர்த்தப்பட்டு, உள்ளுறுப்புகளின் குறுக்குத் தோற்றத்தைத் திரையில் வரைந்து காட்டியது. அந்நாளில் ஒரு பெண்மணிக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் முடிவு கட்டியிருந்தனர். மீயொலிக் கருவியோ, அங்கிருப்பது நீர் நிறைந்த ஒரு பெருங்கட்டி என்று காட்டிற்று. அது சூலகத்தில் தோன்றிய கட்டி, அறுத்து எடுத்தனர், அவர் பிழைத்தார். 1958-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், மூவரும் எழுதிய கட்டுரை ‘தி லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. கருவிலிருக்கும் குழந்தையின் மீயொலிப் படங்களும் அதில் இடம்பெற்றிருந்தன.

அதற்கு முன்பு கருவைக் காண வழியே இல்லையோ? எக்ஸ்-கதிர் இருந்தது. ஆனால், அது எலும்பைக் காட்டுமேயன்றி மெல்லிய தசைகளைத் தெளிவாகக் காட்டாது. அதனினும் பெரிய குறை ஒன்று பின்னர்த் தெரியவந்தது. தாய் வயிற்றில் இருக்கும்பொழுது எக்ஸ்-கதிர் பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று, ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் 1956-ஆம் ஆண்டிலும், மீண்டும் விரிவாக 1958-ஆம் ஆண்டிலும் எடுத்துக்காட்டினார். எக்ஸ்-கதிரின் தீங்கு வெளிப்பட்ட அதே ஆண்டுகளில், அத்தீங்கற்ற மற்றொரு வழி கிளாஸ்கோவில் திறந்தது.

இனி, கருவி வேலை செய்யும் வகையைக் காண்போம். மருத்துவர் கையில் பிடித்து வயிற்றின்மீது நகர்த்துகின்ற சிறு கருவிக்குள், மேற்சொன்ன படிகத்தின் பண்புடைய செயற்கைப் பொருளாலான நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய துண்டுகள் வரிசையாக அமைந்துள்ளன. கருவுற்ற தாய்மார்க்கு வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும்பொழுது, விநாடிக்கு முப்பது லட்சம் முதல் ஐம்பது லட்சம் வரை அதிர்வுடைய ஒலியைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். அதிர்வு எண் கூடினால் அலையின் நீளம் குறையும். அலை சிறிதானால் நுண்ணிய பொருள்களையும் பிரித்துக் காட்டும். அப்படியாயின் இன்னும் கூட்டலாமே எனில், அதிர்வு கூடக் கூட ஒலி உடலுக்குள் ஆழமாகச் செல்லுமுன் தேய்ந்துபோகும். நுட்பம் வேண்டுமானால் ஆழத்தை இழக்க வேண்டும். ஆழம் வேண்டுமானால் நுட்பத்தைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்டதையே தேர்ந்தெடுக்கின்றனர்.

உடலின் மெல்லிய தசைகளில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். பத்து சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள ஒரு பரப்பில் மோதித் திரும்ப, அது இருபது சென்டிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் 130 கூறு நேரம் ஆகும். கருவி ஒரு நொடிப்பொழுது ஒலித்துவிட்டு உடனே வாய் மூடிக்கொள்கிறது; பின்பு காது கொடுத்துக் காத்திருக்கிறது. முதலில் வந்த எதிரொலி அருகிலிருந்து வந்தது. பிந்தி வந்தது ஆழத்திலிருந்து வந்தது. வலிய எதிரொலியை வெண்மையான புள்ளியாகவும், மெலிந்ததைச் சாம்பல் நிறப் புள்ளியாகவும், எதிரொலி இல்லாத இடத்தைக் கறுப்பாகவும் திரையில் இடுகிறது. இப்படி ஒரு கோடு முடிந்ததும் அடுத்த கோடு. நூறு, நூற்றைம்பது கோடுகள் சேர்ந்தால் ஒரு படம். இத்தகைய படங்கள் விநாடிக்கு இருபது முப்பது வந்துகொண்டிருப்பதனால், குழந்தை கையசைப்பதும், கொட்டாவி விடுவதும், இதயம் துடிப்பதும் சலனப்படம்போல் தெரிகின்றன.

எதிரொலி எங்கே பிறக்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஒரே தன்மையுள்ள பொருளினூடே செல்லும்வரை ஒலி திரும்புவதில்லை. ஒரு பொருளிலிருந்து தன்மை மாறுபட்ட மற்றொன்றிற்குள் புகும் எல்லையிலேதான் அதில் ஒரு பகுதி திரும்புகிறது. பனிக்குட நீருக்குள் மோதுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது கறுப்பு. எலும்பு மிகுதியாகத் திருப்புகிறது. ஆகவே அது வெண்மை. காற்றோ எல்லாவற்றையும் திருப்பியடித்துவிடும். கருவிக்கும் தோலுக்கும் இடையே இம்மியளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே நுழையாது. அதற்காகத்தான் வயிற்றில் ‘ஜெல்’ என்னும் குழம்பைத் தடவுகின்றனர். அது மருந்தன்று, காற்றை விலக்கும் பாலம். கருவுற்ற தொடக்க வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் இதுபோன்ற காரணத்தினால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்றுள்ள குடலை ஒதுக்கித் தள்ளி, கருப்பையைக் காண ஒரு சாளரம்போல் உதவுகிறது.

எந்த நேரத்தில் எதனைப் பார்க்கின்றனர்? கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது மரபு. நிறைமாதம் என்பது 40 வாரம். ஏறத்தாழ ஆறாம் வாரத்திலேயே இதயத் துடிப்பைக் காண இயலும். பதினொன்று முதல் பதினான்கு வாரத்திற்குள் செய்யும் ஆய்வில், குழந்தையின் உச்சி முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து கருவின் வயதைத் தெளிவாகக் கணிக்கின்றனர். அப்பருவத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே சீராக வளர்வதனால், அக்கணிப்பு ஒரு வாரத்திற்கு மேல் பிழைபடுவது அரிது. இரட்டைக் குழந்தைகளாயின், இரண்டிற்கும் நச்சுக்கொடி ஒன்றா, வெவ்வேறா என்று தெரிந்துகொள்ளவும் அதுவே ஏற்ற காலம். பதினெட்டு முதல் இருபத்திரண்டாம் வாரத்திற்குள் செய்யும் ஆய்வு மிக விரிவானது. மூளை, முகம், முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், இரைப்பை, சிறுநீரகங்கள், கை கால்கள் என உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வொன்றையும் பார்க்கின்றனர். பனிக்குட நீரின் அளவையும், நச்சுக்கொடி இருக்குமிடத்தையும் குறிக்கின்றனர். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 24 வாரத்திற்குள் ஒரு முறையேனும் இந்த ஆய்வு செய்ய வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

2019-ஆம் ஆண்டில் என் மகளுக்கு இருபதாம் வாரத்து ஆய்வு நடந்தது. மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததனால் நானும் சம்பந்தியம்மாளும் உடன் சென்றோம். விளக்கணைத்த அறையில் மருத்துவ அம்மையார் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வந்தார். இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணாலே கண்டேன். நாற்பது ஆண்டுகள் எதிரொலியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அன்றுதான் அதன் பயனைக் கண்டேன். பின்பு அம்மையாரின் கை ஓரிடத்தில் சற்றே நின்றது.

“குழந்தை நன்றாயிருக்கிறது, ஐயா. ஆனால், நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக்கொண்டு கீழே இருக்கிறது” என்றார்.

நச்சுக்கொடி என்பது தாயின் குருதியிலிருந்து குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் பெற்றுத் தரும் உறுப்பு. குழந்தை பிறந்தபின் வெளிவருவது. அதனை நம் பாட்டிமார் ‘நஞ்சு’ என்பர். பொதுவாக அது கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும். கீழ்வாயை மறைத்துக்கொண்டு இருந்துவிட்டால், பின் மாதங்களில் கருப்பையின் அடிப்பகுதி விரியத் தொடங்கும்பொழுது அது பிய்ந்து, குருதி பெருகக்கூடும்.

“எப்படித் தெரியவரும், அம்மா?” என்று கேட்டேன்.

“வலியில்லாமல் இரத்தம் போகும், அதுதான் அடையாளம்” என்றார் அவர்.

எனக்கு 1967-ஆம் ஆண்டின் விடியற்காலை கண்முன் வந்து நின்றது. அத்தையின் கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஐயா. ஆனால், நீங்கள் சொல்வதைக் கேட்டால் இதுவாகத்தான் இருந்திருக்கும்” என்றார். கண்ணேறும் அன்று, புளியமரமும் அன்று. இடம் மாறி ஒட்டிய ஓர் உறுப்பு. ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் என் பாட்டியின் கேள்விக்கு விடை வந்தது. அதைக் கேட்கப் பாட்டி இல்லை.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. அம்மையார் அவளைத் தேற்றினார். இருபதாம் வாரத்தில் இங்ஙனம் இருப்பது பலர்க்கு உண்டு. கருப்பை வளர வளர, நச்சுக்கொடி பெரும்பாலோர்க்கு வாயிலிருந்து விலகி மேலே போய்விடும். முப்பத்திரண்டாம் வாரத்தில் மீண்டும் பார்க்கலாம் என்றார். மீண்டும் பார்த்தபொழுது அது விலகியிருக்கவில்லை. ஆயினும், இப்பொழுது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு வீட்டில் அவளைத் தங்கவைத்தோம். அவளுடைய குருதிப் பிரிவுக்குரிய குருதியை முன்னரே ஏற்பாடு செய்து வைத்தனர். வலி வரும்வரை காத்திராமல், முப்பத்தேழாம் வாரத்தில் சிசேரியன் அறுவை செய்து குழந்தையை எடுத்தனர். தாயும் சேயும் நலம்.

நண்பர்களே, இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்கேன் கருவி நச்சுக்கொடியை இம்மியும் நகர்த்தவில்லை. ஒரு மாத்திரையும் தரவில்லை. அது சொன்னது ஒரு செய்திதான். அச்செய்தி உரிய காலத்தில் கிடைத்தது. கிடைத்ததைப் பயன்படுத்த மருத்துவரும், குருதியும், அறுவைச் சிகிச்சை அறையும் இருந்தன. அத்தைக்கு அச்செய்தியும் இல்லை. செய்தி இருந்திருப்பினும் பன்னிரண்டு கல் தொலைவிற்குள் வேறொன்றும் இல்லை. கருவியை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மற்றவற்றை மறந்துவிட்டால், தாய்மாரைக் காப்பாற்ற இயலாது.

கருவியின் குறைகளையும் மறைக்கலாகாது. அது தருவது புகைப்படம் அன்று. எதிரொலிகளைத் தொகுத்து வரைந்த ஓவியம். எலும்பின் பின்னால் நிழல் விழும். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் முகம் தெரியாது. தாயின் வயிற்றுக் கொழுப்பு மிகுந்தால் படம் மங்கும். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே பலவும் அமையும். ஆதலால், “ஸ்கேனில் எல்லாம் சரி” என்றால், பார்க்க இயன்றவற்றுள் குறை காணப்படவில்லை என்பதே பொருள். ஒரு குறையும் இல்லை என்னும் உறுதிமொழி அன்று. அவ்வாறே, ஐயத்திற்குரிய ஓர் அடையாளம் தெரிந்தால் அது முடிவான தீர்ப்பும் அன்று. மேலும் ஆராய்வதற்கு உரிய குறிப்பு மட்டுமே.

இதனால் குழந்தைக்குத் தீங்கு நேருமா என்று பலர் அஞ்சுகின்றனர். மீயொலி எக்ஸ்-கதிரைப் போன்றதன்று. அணுக்களைச் சிதைக்கும் கதிர்வீச்சு அதில் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான தாய்மாரிடம் பயன்பட்டும், மருத்துவத் தேவைக்குரிய அளவில் அதனால் கருவுக்குத் தீங்கு உண்டென்று நிறுவப்படவில்லை. எனினும், ஒலி என்பதும் ஓர் ஆற்றலே; அது பாயும் இடம் சற்றே வெப்பமடையும். ஆகவே, தேவையான பொழுது, தேவையான அளவு, பயிற்சி பெற்றவர் கையால் என்பதே மருத்துவ உலகின் விதி. வேடிக்கைக்காகவும் நினைவுப் படத்திற்காகவும் அதனை நாடுதல் முறையன்று.

இறுதியாக ஒன்று, மிகவும் முக்கியமானது. அன்று ஆய்வு முடிந்து எழுந்தபொழுது, சம்பந்தியம்மாள் தயங்கித் தயங்கி, “டாக்டர் அம்மா, பையனா, பெண்ணா?” என்று கேட்டார். மருத்துவ அம்மையார் விடை சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த பலகையைச் சுட்டிக்காட்டினார். கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருந்தது. சம்பந்தியம்மாள் ஆசையினால் கேட்டார். அவர் மனத்தில் கேடு ஒன்றும் இல்லை. ஆனால், எத்தனையோ இடங்களில் இதே கேள்வி, பெண்ணென்றால் கருவை அழித்துவிடுவதற்காகவே கேட்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு இந்தியாவில் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-ஆம் ஆண்டில் அது 927 ஆகக் குறைந்தது. காணாமற்போன அப்பெண் மக்கள் எங்கே? பிறந்தபின் புறக்கணிக்கப்பட்டு மடிந்தோர் சிலர். பிறக்குமுன்னரே, எந்த எதிரொலி உயிரைக் காக்க வந்ததோ அதே எதிரொலியால் காட்டிக்கொடுக்கப்பட்டு அழிந்தோர் பலர்.

இக்கொடுமையைத் தடுக்கவே 1994-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அது 1996-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டில் மேலும் கடுமையாக்கப்பட்டது. சொல்லாலோ, சாடையாலோ, வேறு எவ்வகையாலோ குழந்தையின் பாலை வெளியிடுவது அச்சட்டப்படி குற்றம். ஸ்கேன் கருவி வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்த ஆய்வுகளுக்கெல்லாம் குறிப்பு வைத்திருக்க வேண்டும். கருவிக்கு நன்மை தீமை தெரியாது. கேட்ட கேள்விக்கு அது விடை தரும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். “உள்ளே என்ன இருந்தது?” என்று என் பாட்டி கேட்டது, இழந்த உயிரை எண்ணி. அக்கேள்விக்குத்தான் விஞ்ஞானம் விடை தர வேண்டும்.

நாளை உங்களுள் சிலர் மருத்துவர்கள் ஆவீர்கள். சிலர் இக்கருவிகளைச் செய்யும் பொறியியலாளர்கள் ஆவீர்கள். ஏறத்தாழ எல்லோரும் தாய் தந்தையர் ஆவீர்கள். அன்று, விளக்கணைத்த அந்த அறையில் திரையைப் பார்க்கும்பொழுது, அங்கே தெரிவது ஒரு குன்றின் எதிரொலிக் கணக்குத்தான் என்பதை நினைவு கூருங்கள். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அக்கணக்கு நமக்குத் தெரியாதிருந்த காலத்தில் வண்டிப் பாதையிலேயே உயிர் விட்டனர் என்பதையும் மறவாதீர்கள்.

என் பேரக் குழந்தை இப்பொழுது திண்ணையில் அமர்ந்து பொரிகடலை தின்கிறது. அது ஆணா பெண்ணா என்று நீங்கள் கேட்க நினைக்கலாம். பிறந்த அன்று செவிலி வந்து சொல்லும்வரை எங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. இருவரும் நலம் என்ற சொல்லே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது.